பத்தாம் வகுப்பை மனைவியிடம் பறிகொடுத்தேன்!

இன்று காலை என் சொந்த வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் உட்கார வேண்டியதாகிவிட்டது!

கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஆங்கில வாத்தியார். பத்தாம் வகுப்பு என்றால் நான்தான். வேறு யாரையும் அந்தப் பக்கம் அண்ட விட்டதில்லை.

பள்ளிக்கு இன்னொரு ஆங்கில ஆசிரியர் வேண்டும் என்றார்கள். என் மனைவி சுமதியும் எம்.ஏ. ஆங்கிலம்தான். கல்யாணத்துக்குப் பிறகு சிதம்பரம் பக்கம் அண்ணாமலை நகர் வீட்டோடு இருந்துவிட்டாள். நானே அவள் பெயரைச் சொன்னேன். (பெரிய மனசு! அப்போது இருந்தது.)

இன்று அவளுக்கு டெமோ வகுப்பு. தலைப்பு சபார்டினேஷன். அதாவது, ஒரு வாக்கியம் தனியாக நிற்க முடியாமல் இன்னொன்றைச் சார்ந்து நிற்பது.

நேற்றே என் வித்தை முழுவதையும் இறக்கிவைத்தேன்.

"தனியா நிக்கிற வாக்கியம் மெயின் கிளாஸ், அது முதலாளி. அதைச் சார்ந்து நிக்கிறது சபார்டினேட் கிளாஸ், அது வேலையாள். இஃப், வென், ஆல்தோ எல்லாத்தையும் போர்டுல வரிசையா எழுதிப்போடு. புள்ளைங்க மனப்பாடம் பண்ணிக்கும்."

"சரிங்க" என்றாள். அதை நம்பினேன்!

வகுப்புக்கு வந்தவள், போர்டில் "இஃப் இட் ரெய்ன்ஸ் டுநைட்" என்று மட்டும் எழுதினாள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கடலூர்ப் பிள்ளைகளிடம் மழையைப் பற்றிப் பாதி சொல்லி நிறுத்தலாமா?

"லீவு மிஸ்!"

"இங்கிலீஷ்ல!"

"வி வில் கெட் லீவ், மிஸ்!" மொத்த வகுப்பும் கத்தியது.

அடுத்து, "ஆல்தோ இட் ரெய்ன்ட்..." என்று இழுத்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அய்யய்யோ!" கலெக்டர் லீவு விடாத நாளெல்லாம் பிள்ளைகளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "வி கேம் டு ஸ்கூல், மிஸ்!" "யாழினி, நடுவுல பட் போடக் கூடாது, சரியா?" என்று பெயர் சொல்லி வேறு கேட்டாள் சுமதி.

"நான் பாதில நிறுத்துனா ஏன் கத்துறீங்க?"

"மீதி வேணும்ல மிஸ்!"

"அந்த மீதிக்குக் காத்துக்கிட்டு நிக்குது பாருங்க, அதான் சபார்டினேட் கிளாஸ். வேலையாள்லாம் இல்ல. மழை வந்தாதான லீவே!"

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போர்டையே முறைத்தேன்.

(வீட்டிலும் இதே டெக்னிக்தான்! "இன்னிக்கும் லேட்டா வந்தீங்கன்னா..." என்று நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். மீதியை நினைத்து எனக்கு வேர்த்துக்கொண்டிருக்கும்.)

அதோடு விட்டதா? என்னிடம் 'பிரசென்ட் சார்' தவிர எதுவும் பேசாத யாழினி தானாக எழுந்து, "வென் மை பிரதர் கம்ஸ் ஹோம், ஐ ஹைட் மை சார்ஜர்" என்கிறாள்! வகுப்பே கைதட்டுகிறது. என் வகுப்பு! என் பிள்ளைகள்!

முடிந்ததும் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டம்மான்னு பாக்காம சொல்லுங்க சார். எப்படி?"

'சுமார்தான்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவளுக்கு வேலை இல்லை. கதவோரம் முந்தானையை முறுக்கிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருந்துச்சு மேடம். என்னவிட நல்லா."

"அப்ப பத்தாவது அவுங்களுக்கே குடுத்துடுவோம். நீங்க ஆறாவது பாத்துக்குங்க."

(உண்மை பேசியதற்குப் பரிசு!)

சிதம்பரம் பஸ்ஸில் உம்மென்று வந்தேன்.

"ஏங்க, கோவமா?"

"பொறாம! எந்தப் புள்ள எங்க முழிக்கும்னு ஒனக்கு எப்படித் தெரியும்? இன்னிக்கிதான அதுங்கள பாக்குற?"

சிரித்தாள்.

"நீங்க கொண்டாந்து போடுற பேப்பர் கட்டெல்லாம் இத்தன வருசமா யாரு திருத்துறா? யாழினி ஆல்தோ போட்டா பின்னாடியே ஒரு பட் போடுவா. எத்தன தடவ செவப்புப் பேனாவால அத அடிச்சி உட்ருக்கேன்!"



இறங்கும்போது, "ஆறாவது பேப்பர நீங்களே திருத்திக்குங்க. எனக்கு பத்தாவதே சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டாள்.

இப்போது வீட்டில் சிவப்புப் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது எங்கே இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அவளிடமே கேட்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள் நண்பர்களே!