தண்ணீர் ஊற்ற ஆள் வராத நாள்

"பொம்பளைக்கு எதுக்கும்மா தியானம்? கண்ணை மூடுனா அடுப்புல வெச்ச கொழம்புதான் ஞாபகத்துக்கு வரும்."

திண்டிவனத்தில் பௌர்ணமிதோறும் கூடும் எங்கள் பௌத்த சங்கத்தின் காரியதரிசி இப்படிச் சொன்னதும் ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. கோயில்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டுச் சலித்துப்போன எங்கள் ஆட்கள் தொடங்கிய சங்கம் அது. அங்கேயும் பெண்களுக்குக் கொல்லையில் கேப்பைக் கூழ் காய்ச்சும் வேலைதான். நானோ டீச்சர் ட்ரெய்னிங் பாஸ் செய்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். கூழ் கிண்டிய துடுப்பை அத்தையிடம் கொடுத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

இலங்கையிலிருந்து வந்திருந்த பிக்கு, மூச்சைக் கவனிக்கச் சொன்னார். மனத்தில் எது எழுந்தாலும் பார்த்துக்கொண்டிரு, பிடித்து வைத்துக்கொள்ளாதே என்றார். நான் அசையாமல் இருந்ததைக் கண்ட அத்தை, எனக்குச் சாமி வந்துவிட்டதென்று வேப்பிலையோடு ஓடிவந்தாள்.

"யாரு ஆத்தா நீ? இன்னா வோணும், சொல்லு!"

நான் கண்ணைத் திறக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியைகள் அறையில் ஒரு தண்ணீர்ப் பானை. மற்றவர்கள் மொண்டு குடிப்பார்கள். எனக்கு மட்டும் ஆயா உயரத் தூக்கிக் கையில் ஊற்றுவாள். அவள் வராத நாளில் எனக்குத் தண்ணீர் கிடையாது. தலைமையாசிரியையிடம் கேட்டேன்.

"நீதான் புத்த மதமாச்சே. ஆசையை அடக்கக் கத்துக் குடுக்கலியா?"

மற்ற ஆசிரியைகள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

அந்தக் கோடைப் பகல் முழுவதும் தாகத்தைக் கவனித்தேன். எழுவதெல்லாம் மறையும் என்று பிக்கு சொல்லியிருந்தார். மறையவில்லை. அது என் மனத்தில் இல்லை, தொண்டையில் இருந்தது.

பௌர்ணமியன்று காரியதரிசியிடம் சொன்னேன்.

"அதையும் வுட்டுடும்மா. பற்று கூடாதுன்னுதானே உக்காந்துகினு இருக்கிறோம்? வேலை பூட்டா இன்னா பண்ணுவே? எதுக்கு பேஜாரு?"

"கோயிலாண்ட உங்களை நிக்கவெச்சப்போ வுட்டுட்டீங்களா?"

அவர் கூழ் ஆயிற்றா என்று கொல்லைப்பக்கம் குரல் கொடுத்தார்.

உட்கார்ந்தேன். கோபம் எழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் அடியில் வேறொன்று கிடந்தது: ஒருநாள் தலைமையாசிரியை தன் கையாலேயே எனக்கு டம்ளரை நீட்டுவார் என்ற ஆசை. கஞ்சி போட்ட புடவை கட்டியதும், எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்கூடம் வந்து நின்றதும் அதற்காகத்தான். படித்துக் கிழித்த எனக்குள் இப்படி ஓர் ஏக்கமா என்று வாயெல்லாம் கசந்தது. விடவேண்டியது இதைத்தான். சட்டென்று விட முடியவில்லை; அந்தக் கோடை முழுக்க ஆயிற்று.

கோடை முடிந்து ஒருநாள் ஆயா வரவில்லை. மூடியைத் திறந்து, மொண்டு குடித்தேன். தலைமையாசிரியை அந்தப் பானையை வெளியே போட்டு உடைக்கச் சொன்னார். இன்னொரு முறை தொட்டால் வேலை போய்விடும் என்றார்.

மறுநாள் புதுப் பானை வந்தது. அதில் முதலில் மொண்டு குடித்தவள் நான்.