நாற்பத்தொன்பதாவது கிளிப்பு

சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் பைப் கடை வைத்திருக்கும் தில்லைநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதில் பல்லுக்குக் கிளிப்பு போட்டுக்கொண்டவர் பஜாரிலேயே அவர் ஒருத்தர்தான். கம்பி கிம்பி கிடையாது. கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் உறை, சாப்பிடும்போது கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

"அண்ணாச்சி, பல்லு நேராகி எந்த ஊருக்குப் பொண்ணு பாக்கப் போறீரு?" என்று பக்கத்து டீக்கடை சங்கரசுப்பு வாயைக் கிண்டுவார்.

"எம் மவ சொல்லுதா, போடுதேன். ஒமக்கு என்னவே?"

மகள் சுகிர்தா சிங்கப்பூரில் பல் டாக்டர். அம்மாவின் காரியத்துக்கு வந்தவள், அப்பாவின் பல் கோணிக்கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலியில் தனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் அளவெடுக்க வைத்தாள். மொத்தம் ஐம்பது ஜோடி, வாரத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் பல்லைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். "சரிப்பா, அடுத்தது போடுங்க" என்று உடனே பதில் வரும். சில வாரம் "சாப்ட்டீங்களா?" என்றும் இருக்கும். அன்றைக்கு மனுசன் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிடுவார்.

மற்ற நாளில் கூப்பிட்டால், "பேஷன்ட் இருக்காங்கப்பா" என்பாள். பெற்ற தகப்பன் பேஷன்ட்டாக இருந்தால்தான் அவளுக்கு நேரம் கிடைத்தது, வேறென்ன சொல்ல! நாற்பத்தொன்பதாவது கிளிப்பை மாட்டியபோது அவருக்குப் பகீரென்றது. இன்னும் ஒன்றுதான். அப்புறம் எதைப் படமெடுத்து அனுப்புவது?

சுகிர்தா லீவு நாளில் கடலில் ஸ்கூபா முங்குகிறவள். சிலிண்டரோடு மீன்களுக்கு நடுவே அவள் நிற்கிற படம் ஸ்டேட்டஸில் வரும். நாமும் ஒரு தரம் முங்கினால் பேச ஒரு விஷயமாவது கிடைக்குமே என்று கடையைப் பூட்டிவிட்டு ராமேஸ்வரம் கிளம்பிவிட்டார். கிளிப்போடு முங்கலாமா என்று கேட்டதற்கு, "கழத்தி டப்பாவுல வைங்கப்பா. தொலைச்சிராதீங்க" என்று வந்தது. யாரோடு போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

படகில் மற்றவர்கள் மூக்குக்கண்ணாடியையும் மோதிரத்தையும் கூட வந்தவர்களிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். இவர் டப்பாவை யாரிடம் கொடுப்பார்? செருப்புக்குள் செருகி வைத்தார். தண்ணீருக்குள் மூச்சுக்குழாயின் ரப்பரைக் கவ்வியதும் பல்லெல்லாம் விண்விண்ணென்று தெறித்தது. புதுக் கிளிப்பு மாட்டி ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். கையைப் பிடித்துக் கூட்டிப்போன பயிற்சியாளர், விரலை வட்டமாக்கி, 'சரியா? சரியா?' என்று கேட்டுக்கொண்டே வந்தார். இப்படி யாராவது தன்னைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மேலே வந்து டப்பாவைத் திறந்தார். தொலைத்தால் மறுபடி அளவெடுத்து ஆறு மாசம் இழுக்கும் என்று டாக்டரம்மா முன்பே மிரட்டி வைத்திருந்தாள். ஆறு மாசமா! எத்தனை ஞாயிற்றுக்கிழமை! எல்லாரும் கரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கிளிப்பை எடுத்துக் கடலில் போட்டுவிட்டார். சின்னப் பிள்ளைகூடச் செய்யாது அப்படி ஒரு வேலையை.

"கிளிப்பு கடல்ல விழுந்துட்டும்மா" என்று கரையேறியதும் அனுப்பினார். திட்டுவாள், கூப்பிட்டே திட்டுவாள் என்று பஸ்ஸில் போனைக் கையிலேயே வைத்திருந்தார். அருப்புக்கோட்டையில் பஸ் நின்றபோது பதில் வந்தது.

"பரவால்லப்பா. போன வாரப் படத்துலயே பாத்தேன், பல்லு அழகா நேராயிட்டு. மிச்சம் தேவையில்ல. பல்லு திரும்பக் கோணாம இருக்க ராத்திரி போடுற ரிட்டெய்னர் மட்டும் கூரியர்ல வரும். இனி வாராவாரம் படம் எடுத்து அனுப்பிக் கஷ்டப்படாதீங்க."

கீழே சிரிக்கிற முகம் ஒன்று போட்டிருந்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "சரிம்மா" என்று அனுப்பினார். சாத்தூர் தாண்டியதும், "மீனெல்லாம் பாத்தேன்" என்று இன்னொன்றும் அனுப்பினார். சங்கரன்கோவில் வந்து இறங்கும்வரை அதற்குப் பதில் இல்லை.