பெற்றோர் தாமதமாக அளித்தபடியால்

இரண்டு வருடம் முன்பு, அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் நடந்தது இது. திண்டிவனத்தை ஒட்டிய ஓர் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். பாடம் சமூக அறிவியல். சமத்துவ உரிமையை ஐந்து மதிப்பெண் வினாவாக இருபத்திரண்டு வருடங்களாக நடத்திக்கொண்டிருப்பவன். வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. வருகிறவர்கள் பார்க்க வேண்டுமென்று கூடத்திலேயே வைத்திருக்கிறேன். படித்தவன் செய்த காரியம் இது என்பது உங்களுக்கு முதலிலேயே தெரிந்துவிடட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

அந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி வந்தது. சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளை எப்படிக் கண்டுகொள்வது, தேர்வில் அவர்களுக்கு என்னென்ன சலுகை உண்டு, எந்தச் சான்றிதழை எப்போது அனுப்ப வேண்டும் என்று எல்லாவற்றையும் செல்போனில் வீடியோவாகப் பார்த்து, கடைசியில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் வீடியோவை ஓடவிட்டுக் குளிக்கப் போனேன். தலை துவட்டிக்கொண்டு வந்தபோது கற்றல் குறைபாடு முடிந்து காது கேளாமை ஓடிக்கொண்டிருந்தது. கேள்விகளுக்கான விடைகள் அதற்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டன. பரீட்சையில் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கும் பிள்ளையை வெளியே நிற்க வைக்கிற அதே ஆசிரியர்கள்தான் அனுப்பியிருந்தார்கள். நூற்றுக்கு நூறு வாங்கினேன். சான்றிதழை ஸ்டேட்டஸில் வைத்தேன்.

எங்கள் பள்ளிக்கு வாரம் ஒரு நாள் சிறப்பாசிரியர் ஒருவர் வருவார். ஒப்பந்தப் பணியில் இருப்பவர். பஸ் மாறி மாறி ஏழெட்டுப் பள்ளிகளைப் பார்க்கிற பெண்மணி. அவர் வரும் நாளாகப் பார்த்து எங்களில் யாராவது லீவ் போடுவோம். “மேடம், எட்டாங்கிளாஸ்ல ஆளில்ல, கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?” என்று கேட்டால், அவரும் மறுக்காமல் போவார். எந்த வேலைக்காக அவரை அனுப்பினார்களோ அந்த வேலையைத் தவிர எல்லாவற்றையும் அவரிடம் வாங்கினோம். அப்படியும் இடையில் எப்படியோ பிள்ளைகளைக் கவனித்திருக்கிறார். என் வகுப்புப் பெண் ஒருத்தியையும் அவள் அம்மாவையும் மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போனவர் அவர்தான். அதை என்னிடம் சொல்லவும் செய்தார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அந்தப் பெண் வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் சொல்வாள். எழுதச் சொன்னால் முக்கால் தாள் வெள்ளையாகத் திரும்பி வரும். திமிர் என்று நான் தீர்மானித்திருந்தேன். அரையாண்டுத் தேர்வில் என் பாடத்தில் பதினெட்டு மதிப்பெண். தாளைக் கொடுக்கும்போது, “வாயி விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் நீளுது, கை மட்டும் ஏன்மா ஸ்கூல் கேட்டத் தாண்ட மாட்டேங்குது?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. எனக்கு நகைச்சுவை நன்றாக வரும் என்று பள்ளியில் ஒரு பெயர்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். மல்லாட்டை மில்லில் வேலை பார்ப்பவர்; முந்தானையில் இன்னும் வேர்க்கடலைத் தோல் ஒட்டியிருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“சார், அந்த ஒரு மணி நேரத்த எப்போ சார் குடுப்பாங்க?”

“எந்த ஒரு மணி நேரம்?”

“பரீட்சையில இதுக்கு ஒரு மணி நேரம் ஜாஸ்தி குடுப்பாங்க, இது சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஒரு ஆளு வருவாங்கன்னு அந்த மேடம் சொன்னாங்களே. டாக்டரு எழுதன பேப்பர ஆடி மாசமே உங்க கையிலதான சார் குடுத்தேன்? வெச்சிட்டுப் போம்மான்னு நீங்கதான சொன்னீங்க?”

வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். என் மேசை இழுப்பறையில், திருத்தாத தாள்களுக்கு அடியில், டீ கிளாஸ் வைத்த வட்டக் கறையோடு அந்தக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் இருந்தது. தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பங்கள் போய்ச் சேர வேண்டிய நாள் தாண்டியிருந்தது. அதை அனுப்பச் சொன்ன சுற்றறிக்கையை எங்கள் குழுவில் பகிர்ந்தவனும் நான்தான். ‘உடனடி கவனத்திற்கு’ என்று மேலே எழுதியிருந்தேன்.

தலைமையாசிரியர் சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் கையெழுத்தையும் பள்ளி முத்திரையையும் போட்டு இரண்டு வெற்று லெட்டர்பேடு தாள்களை நீட்டினார். எங்கள் உலகத்தில் அவசரத்துக்கு இதுதான் முதலுதவி. “நேர்ல போயிடுங்க. பொண்ணயும் கூட்டிக்கினு போங்க, பாக்கணும்பாங்க. எது கேக்கறாங்களோ அத்த எழுதிக் குடுத்துட்டு வாங்க” என்றார்.

அவளும் அம்மாவும் நானுமாக விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம். பேச்சுக்காக அவளிடம் முதல் உலகப் போரைப் பற்றிக் கேட்டேன். கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் காரணங்களை முடித்துவிட்டாள். வெர்சேல்ஸ் உடன்படிக்கைக்கு வந்தபோது, “தோத்தவன் மேலயே அத்தினி பழியயும் எழுதி, அவங்கிட்டயே கையெழுத்து வாங்கிட்டாங்க சார். அப்புறம் சண்ட வராம இன்னா பண்ணும்?” என்றாள். இந்தப் பெண்ணுக்குத்தான் நான் பதினெட்டுப் போட்டிருந்தேன்.

விழுப்புரத்தில் நாங்கள் போனது எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே இருந்த எழுத்தர் தலை நிமிராமல், “லிஸ்ட்டு போயிடுச்சு சார்” என்றார். பிறகு நிமிர்ந்து பெண்ணை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“பாத்தா நல்லாத்தான கீது? எங்க, இத்தப் படிம்மா” என்று அன்றைய செய்தித்தாளை அவள் பக்கம் தள்ளினார்.

நான் மூக்குக் கண்ணாடி போட்டுத்தான் கேள்வித்தாளைப் படிக்கிறேன். அதைச் சலுகை என்று யாரும் சொன்னதில்லை. கழற்றிவிட்டுப் படித்து நிரூபி என்று நாலு பேர் முன்னால் நிறுத்தியதும் இல்லை. இதை அங்கே அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் அந்த நேரத்தில் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் பேசினார்.

“டாக்டரு எழுதனது பத்தாதா சார்? என் பொண்ணு இன்னா வித்த காட்ட வந்த கொரங்கா?”

எழுத்தர் செய்தித்தாளை மடித்துக்கொண்டார். குரல் கொஞ்சம் இறங்கியது. “கோச்சிக்காதம்மா. துணைப் பட்டியல் ஒண்ணு போவுது. சார், ஏன் லேட்டுன்னு ஒரு விளக்கக் கடிதம் வெச்சிக் குடுங்க. வழக்கமா எழுதறதுதான்.”

வழக்கமாக எழுதுவது எனக்கு மனப்பாடம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன்: ‘மேற்படி மாணவியின் மருத்துவச் சான்றிதழைப் பெற்றோர் தாமதமாக அளித்தபடியால், உரிய காலத்தில் அனுப்ப இயலவில்லை.’ எங்கள் துறையில் எது தாமதமானாலும் அதைத் தாமதமாக்கியவர் பெற்றோர்தான். ஆசிரியரைப் போட்டால் மெமோ வரும், அலுவலகத்தைப் போட்டால் பகை வரும். பெற்றோருக்கு யாரும் மெமோ அனுப்புவதில்லை. அவர்கள் அந்தக் கடிதத்தைப் பார்ப்பதும் இல்லை. இரண்டு நிமிடத்தில், அழகான கையெழுத்தில் எழுதினேன். அதை அங்கேயே வைத்துவிட்டுச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கடிதம் அவள் மடியில் இருந்தது. ஒரு சொல்லின் அடியில் விரல். உதடு அசைந்துகொண்டிருந்தது.

“இன்னாடி எழுதிக்கிது? சொல்லு” என்று அம்மா பக்கத்தில் குனிந்திருந்தார். எங்களை நம்பித் தாளைக் கொடுத்து ஒரு முறை ஏமாந்தது போதும் என்று அந்தக் குடும்பம் நினைத்திருக்க வேண்டும்.

“பெற்… பெற்றோர்… தா… தாம…” நெற்றியில் வியர்வை. மேலே போய், தவறி, மறுபடி முதலிலிருந்து வந்தாள். நான் போய்ப் பிடுங்கியிருக்கலாம். வரி முடியும் வரை நின்றுகொண்டே இருந்தேன்.

அம்மா நிமிர்ந்தார். “நான் எப்போ சார் லேட்டா குடுத்தேன்?”

“அது சும்மா ஒரு பேச்சுக்கும்மா. ஆபீஸ் வழக்கம்.”

“உங்க வழக்கத்துக்கு நான்தான் கெடச்சனா? மில்லு வேலய வுட்டுட்டு வந்து குடுத்தேன் சார்.” அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நாளிக்கி இது ஃபெயிலாச்சின்னா, உங்கம்மாதான் லேட்டுன்னு இந்தப் பேப்பரு சொல்லும். நான் இல்லன்னு சொன்னா யாரு கேப்பாங்க? எழுதி வெச்சதத்தான நம்புவாங்க. என் பொண்ணே நம்பிடும் சார்.”

பெண் என்னைப் பார்க்கவில்லை. கடிதத்தை நாலாக மடித்து என்னிடம் நீட்டினாள்.

இரண்டாவது தாளை எடுத்தேன். ‘சான்றிதழைப் பெற்றோர் உரிய காலத்தில் அளித்தும், வகுப்பாசிரியர் அதை அனுப்பத் தவறியதால்’ என்று எழுதி, என் பெயரையும் போட்டேன். இந்த முறை எழுதப் பத்து நிமிடம் ஆயிற்று. எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் வாங்கி, என் பெயர் வரும் இடம் வரை விரல் வைத்துப் படித்துவிட்டு, “சரிதாம்மா” என்றாள்.

எழுத்தர் பதறிப்போனார். “சார், இன்னா இது? மெமோ உங்களுக்குத்தான் வரும். இந்த மாதிரி எழுதறதுக்கு ஃபார்மட்டே கெடையாது. ஹெச்.எம். ஒத்துக்குவாரா?”

“அவரு கையெழுத்தே போட்டுட்டாருங்க” என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மையான நகைச்சுவை அதுதான்.

எனக்கான மெமோ நான்காம் நாள் வந்துவிட்டது. அவளுக்கான அனுமதி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பரீட்சைக்கு ஐந்து நாள் இருந்தபோது வந்தது. ஒரு தவற்றைத் தண்டிக்க நான்கு நாள் போதுமென்றால், அதைச் சரிசெய்ய மட்டும் ஏன் அறுபது நாள் என்று கேட்டு நானும் ஒரு கடிதம் எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. அவள் சொல்லச் சொல்ல வேறொரு பள்ளி ஆசிரியை எழுதினார். தேறினாள். இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். சிறப்பாசிரியர் மட்டும் இன்னும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார். அவரை எட்டாம் வகுப்புக்கு அனுப்ப யாராவது வாயெடுத்தால் நான் சண்டைக்குப் போகிறேன். எனக்கு வயதாகிவிட்டது, எரிச்சல்காரனாகிவிட்டேன் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறார்கள்.

எரிச்சல் உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்கு என்மேல்தான்: அந்த ஒரு வரியைப் படித்து முடிக்க அவளுக்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கும், ஆறு மாதம் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த மூன்று நிமிடத்தை நான் ஒரு நாள்கூடக் கொடுத்ததில்லை.