ஹைக்கேயின் பெட்டியும் எங்கள் சோடனை மேசையும்

நான் வசிக்கும் ஜேர்மன் நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுவதில்லை. தபால்பெட்டியில் தாள் போடுவார்கள். அடுத்த வீட்டு ஹைக்கே இருமினால் எனக்குச் சுவர் வழியே கேட்கும். அப்படியிருந்தும், இந்த வருடம் உயிர்ப்புத் திருநாள் முடிந்த கையோடு, ‘என் வீட்டில் வெள்ளி மாலை கைவேலைச் சந்திப்பு, வெறுங்கையோடு வரவும்’ என்று அச்சடித்த தாளொன்றை என் பெட்டியில் போட்டிருந்தாள். வாழ்த்து அட்டையும் கடதாசிப் பூவும் செய்வது என் பொழுதுபோக்கு என்பது அவளுக்குத் தெரியும். செய்த ஒவ்வொன்றின் பின்புறத்திலும் நாளும் கிழமையும் குறித்துவைப்பேன் என்பதும் தெரியும். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை. மீன் பற்றீஸ் பொரித்துக்கொண்டு போனேன்.

மேசையைச் சுற்றிப் பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு பொதி: வெட்டிய கடதாசி, முத்திரை, நாடா. எனக்குச் சந்தோசமாகிவிட்டது. திருகோணமலையில், துறைமுகத்தை அண்டிய எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் திருநாள் நெருங்கும்போது, சொரூபத்தைச் சுமந்து வரும் கூட்டைச் சோடிக்க இப்படித்தான் நீள மேசை போட்டு இருப்போம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவரும் முழுப் பூ செய்வதில்லை. இதழ் வெட்டுகிறவர் பக்கத்திலிருப்பவருக்குத் தள்ளுவார். அவர் சுருட்டிக் கொடுப்பார். அடுத்தவர் கம்பி கட்டுவார். முடிந்த பூவைத் தூக்கிப் பிடித்து இது யாருடையது என்று கேட்டால் ஒருவராலும் சொல்ல ஏலாது. கேட்கவும் மாட்டார்கள்.

ஹைக்கேயின் மேசையிலும் நான் அதையே செய்தேன். என் பொதியைப் பிரித்து நடுவில் கொட்டினேன். பக்கத்திலிருந்த முதிய பெண்ணின் இதழ்களைச் சுருட்டிக் கொடுத்தேன். வெட்டி எறிந்த ஓரங்களிலும் பூ எடுக்கலாம் என்று காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஹைக்கே மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு சிரித்தாள். இறுதியில் அவள் விலைப்பட்டியலை விரித்தபோதுதான் அது கம்பெனிப் பொருள் விற்கும் கூட்டம் என்று விளங்கியது. மிச்சக் கடதாசியில் செய்யக் கற்றுக்கொண்டவர்கள் புதுப் பொதி கேட்கவில்லை. அவளுடைய மாலையைக் கெடுத்தவன் நான். பற்றீசும் அப்படியே இருந்தது. அதில் மீன் என்று சொன்னதும் தட்டைத் தள்ளிவிட்டார்கள்.

சில நாட்களில் அவளே வந்தாள், இம்முறை கதவைத் தட்டி. “உங்கள் கைக்கு நீங்கள் எங்கள் கம்பெனியில் சேரவேண்டும். விற்கவேண்டும் என்றில்லை. பொழுதுபோக்குக்காரராகச் சேர்ந்தால் உங்கள் தேவைக்கே கழிவு விலையில் வாங்கலாம்” என்றாள். ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன். அந்தக் கடதாசியின் கனமும் நிறமும் நான் வேறெங்கும் கண்டதில்லை. யோசிக்கிறேன் என்றேன். கதை வளர, என் தொலைபேசியிலிருந்த எங்கள் சோடனை மேசைப் படத்தைக் காட்டினேன்.

“இந்தப் பெண்களெல்லாம் சும்மாவா வேலை செய்கிறார்கள்?”

“ஓம், சும்மா.”

“யார் தலைவி?”

“தலைவி இல்லை. என் மச்சாள் ஜசிந்தாதான் எல்லோரையும் கூப்பிடுவாள்.”

அவர்களுக்கு ஒரு வாழ்த்து அனுப்பவேண்டும் என்று மச்சாளின் இலக்கத்தைக் கேட்டாள். கொடுத்தேன்.

எங்கள் கோயில் திருநாளுக்கு ஊருக்கு வந்தபோது, ஹைக்கே தந்த மாதிரிப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தேன். கோயிலின் பங்கு மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஜசிந்தா என்னைப் பார்த்த பார்வையே வேறு.

“வா மச்சான். முதலாளி வந்திட்டார், எல்லாரும் எழும்பி நில்லுங்கோ.”

“என்ன பகிடி இது?”

“பகிடியோ? உன்ர ஜேர்மன்காரி கிழமைக்கு ஒருக்கா எழுதிறாள். இதைப் பார்.”

தொலைபேசியை நீட்டினாள். இயந்திரம் பெயர்த்த தமிழில், ‘அன்புள்ள குழுத் தலைவியே, உங்கள் உறவினர் இணைந்ததும் அவருக்குக் கீழே நீங்களும், உங்களுக்குக் கீழே உங்கள் பெண்களும் இணையலாம்’ என்று இருந்தது. எனக்குக் காது சுட்டது.

“நான் இன்னும் சேரவேயில்லை” என்றேன்.

“நீ சேர்ந்தா நான் சேரத்தானே வேணும். மச்சான் கேட்டு மாட்டனெண்டு சொல்ல ஏலுமோ? நான் கேட்டா இவளவையும் மாட்டமெண்டு சொல்லமாட்டாளவை.”

இந்தத் துறைமுகத்துக்கு வந்த கம்பெனிக்காரர்களைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன். அவர்கள் பீரங்கியோடு வந்தார்கள், கோட்டை கட்டினார்கள். வந்தவன் அந்நியன் என்று பார்த்த எவருக்கும் தெரிந்தது. இந்தக் கம்பெனிக்குக் கோட்டை வேண்டாம். நாங்கள் ஒருவருக்கொருவர் ‘மாட்டேன்’ என்று சொல்ல வெட்கப்படுகிறோமே, அந்த வெட்கம் போதும். சொந்தத்தை ஏணியாக்கி, மேல்படியில் ஒருத்தியை இருத்திவிட்டு, அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். மச்சாளின் இலக்கத்தை அவர்களிடம் கொடுத்தவன் நான் என்பது அந்தக் கோபத்தை இன்னும் கிளறியது.

அப்போதுதான் மேசையைக் கவனித்தேன். மூலையில் ரோசாவும் அவளுடைய தங்கையும் தனியாக இருந்தார்கள். ரோசா சல்லி என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து இங்கே கலியாணம் கட்டி வந்தவள்; புருசன் கடலுக்குப் போகிறவன். அவர்கள் இதழைத் தள்ளவில்லை. முழுப் பூவாகச் செய்து, தங்கள் பக்கத்தில் அடுக்கி, படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சோடனைக்கு வந்த நாள்முதல் இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

“ரோசா, இதென்ன?” சத்தம் போட்டே கேட்டுவிட்டேன்.

“கம்பெனிக்குக் காட்டத்தான், சேர்ந்தா காசு வருமாம். ஒராள் செய்ததெண்டு தெரியவேணுமாம்.”

“இது கோயில் மேசை. கடையில்லை. அவங்கள் உங்களைப் பேய்க்காட்டி ஏமாத்திறாங்கள்.”

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “உங்களுக்கு அங்க மாதம் முடியச் சம்பளம் வருது, அண்ணை. பூ செய்யிறது உங்களுக்கு விளையாட்டு. எங்களுக்கு வேண்டாமெண்டு சொல்ல நீங்கள் ஆர்?”

அந்த நேரம் பார்த்து ஹைக்கே தொலைபேசியில் அழைத்தாள். நான் வாசலுக்குப் போனேன்.

“முடிவு செய்துவிட்டீர்களா? உங்கள் கையெழுத்து மட்டும்தான் மிச்சம்” என்றாள், உற்சாகமாக.

“சேரமாட்டேன். என் மச்சாளுக்கும் இனி எழுதவேண்டாம்.”

“ஏன் கோபம்? யாரையும் நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லையே. விருப்பமில்லாவிட்டால் அவர்கள் மறுக்கலாம்.”

அவளுக்கு அது உண்மை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிற ஊர் அவளுடையது. அங்கே அத்தனை வருடம் இருந்ததால்தான் எனக்கும் இவ்வளவு இலகுவாகச் சொல்ல முடிந்தது. இந்த மண்டபத்துக்குள் இருக்கிற ஒருவராலும் என் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்க முடியாது, ரோசாவைத் தவிர.

திரும்பினேன். எல்லாக் கைகளும் நின்றிருந்தன.

“என்ன சொன்னனீங்கள்?” என்றாள் ரோசா.

“மாட்டனெண்டு.”

“உங்களுக்கு மட்டுமோ, எங்களுக்கும் சேர்த்தோ?”

மச்சாளுக்கு இனி எழுதவேண்டாம் என்று ஜேர்மன் மொழியில் நான் சொன்னது இவளுக்கும் சேர்த்துத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்துக்குள் மறுபடி போகவேண்டியவன், ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் வாசற்படியில் நின்றேன். கையிலிருந்த தொலைபேசிக்குள் ஹைக்கே இன்னும் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.