சக்கரமில்லாத பீரங்கி

ஆயுத பூஜை அன்று கடல் கடந்து வந்து குடியேறிய மவுண்ட் வெல்லிங்டன் வீட்டில் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, என் கால்குலேட்டர் எல்லாம் நெற்றியில் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. "வேலை செய்ற இடத்துலயும் பொட்டு வச்சிடுங்க. இன்னைக்குத்தானே முடிவு சொல்லப் போறாங்க" என்று என் மனைவி சந்தனம், குங்குமம், அதில் புரட்டிய எலுமிச்சை ஒன்று என்று டிபன் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். பாயிண்ட் கணக்குப் பார்த்து விசா கொடுத்த நாட்டில் எட்டு மாதமாக எவனும் வேலை கொடுக்கவில்லை. கடைசியில் துறைமுகத்தில், பழங்காலப் போர்க்கப்பல் மாதிரி ஒன்றைக் கட்டி நிறுத்தியிருந்த இடத்தில், சுற்றிக்காட்டும் வேலை கிடைத்தது. மூன்று மாதத் தற்காலிகம். பூஜை விழுந்த அந்த வெள்ளிக்கிழமை நிரந்தரமாக்கினால் உண்டு. இல்லையேல் ஊருக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

என் பொறுப்பில் இருந்தது கப்பலிலேயே சின்னப் பீரங்கி. பெரியவை கீழ்த்தளத்தில் சக்கர வண்டிமேல் ஜம்மென்று இருக்கும். இது மேல்தளத்துக் கைப்பிடிச் சுவரில், ஒரு இரும்புக் கவட்டையில் நின்றபடி எந்தப் பக்கமும் திரும்பும். நானூறு வருடத்துக்கு முன் இதைக் கப்பலை மூழ்கடிக்க யாரும் வைத்துக்கொள்ளவில்லை. எதிரி ஒட்டி வந்து ஏறப் பார்க்கும்போது ஆட்களைச் சிதறடிக்கத்தான். ஈயக்குண்டு, ஆணி, கூழாங்கல், கிடைத்ததைப் போடுவார்கள். வெடிமருந்தை வாய்வழியாகத் திணிப்பதில்லை. பீர்க் குவளை மாதிரி கைப்பிடி வைத்த குப்பியில் அடைத்து, பின்பக்கம் செருகி ஆப்பு அடித்தால் போதும். இதைத் தினம் ஆறு முறை சொல்வேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

காலையில் பொட்டு வைத்தேன். எலுமிச்சையைச் சக்கரத்துக்கு அடியில் வைப்பதுதான் முறை. இந்தச் சனியனுக்குச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று வாய்விட்டே புலம்பினேன்.

பக்கத்தில் பலகை இழைத்துக்கொண்டிருந்த மன்னார்த் தச்சர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், நிமிர்ந்து பார்த்தார். "உதுக்குச் சில்லே இல்லையே தம்பி. தேசிக்காயை எங்க வைக்கப் போறீர்?"

"அதான் அண்ணே யோசிக்கிறேன்."

"எனக்கு உந்தச் சடங்கெல்லாம் தெரியாது. ஆனா சில்லு இல்லாட்டியும் வாய் இருக்குத்தானே."

வாயில் வைத்தேன். அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்தது. கற்பூரம் காட்டவில்லை, அந்த அளவுக்கு எனக்குப் புத்தி உண்டு. கும்பிட்டுவிட்டு எடுத்துவிடலாம் என்றிருந்தபோது இரண்டு பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்து நின்றன. எல்லாம் மறந்துபோயிற்று.

பதினொரு மணிக்கு மேலாளர் இதில் குண்டில்லாத வெற்று வெடி போடுவது வழக்கம். பின்பக்கம் குப்பியைச் செருகி ஆப்பு அடித்தார். முன்பக்கம் யார் பார்க்கிறார்கள்? அவர் திரியை நீட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறந்தேன். பீரங்கி முந்திக்கொண்டது.

எதிரே அன்றைக்குத்தான் ஒரு வெள்ளைப் படகு வந்து கட்டியிருந்தது. நல்லவேளை, ஆளில்லை. அதன் விலா முழுக்கச் சாறும் குங்குமமுமாகச் செக்கச்செவேலென்று அப்பிக்கொண்டது. பிள்ளைகளின் கைகள் சரசரவென்று உயர்ந்தன. ஆணி போட்டால் எத்தனை பேர் மேல் படும்? ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை சுடலாம்?

மேலாளரிடம் பூஜை, சக்கரம், வாய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஒரு வாளியையும் துணியையும் கொடுத்தார். படகைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். தப்பு என்னுடையது, கோபம் மட்டும் சாமி மேல் வந்தது.

மாலையில் கூப்பிட்டார். "சுற்றிக்காட்டும் ஆளாக உன்னை வைத்துக்கொள்ள முடியாது" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நான் டிபன் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டேன். "இந்தச் சின்னது எதற்கென்று என்னால் ஒரு பிள்ளைக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. இன்றைக்குப் புரிந்துகொண்டார்கள். திங்களிலிருந்து வெடி போடுவது உன் வேலை. நிரந்தரம். ஆனால் சுடுமுன் முன்பக்கமும் பார்."

தெருமுனை போன் பூத்திலிருந்து மனைவியைக் கூப்பிட்டேன். "வேலை கெடச்சிடுச்சு" என்றதும் அழுதுவிட்டாள்.

"என்ன வேலைங்க?"

"பீரங்கி சுடுற வேலை."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"எங்கப்பாகிட்ட இன்ஜினியர்னே சொல்லிடறேன்" என்றாள்.