முகாமையாளர் மாற்றிய எழுத்துரு

நீர்வேலியில் வாழைச் செய்கையாளர் சங்கமொன்றில் ஒப்பந்த அடிப்படையில் கணினி வேலை பார்த்தேன். சான்றிதழ் ஒன்றும் கிடையாது. தட்டித் தட்டிப் பழகியதுதான். புதிதாக வந்த முகாமையாளருக்கு அது கண்ணில் குத்தியது. அந்தக் கிழமை முடிவதற்குள் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

அன்று வாழைக்கன்று கொடுக்கும் நாள். நான் போய்ச் சேர, கேற்றடியில் சனம் கொதித்துக்கொண்டு நின்றது. கன்று பெறுவோர் பட்டியலை முகாமையாளரே அச்செடுத்துக் கதவில் ஒட்டியிருந்தார். பெயர் வரவேண்டிய இடமெல்லாம் தலையும் வாலும் இல்லாத ஆங்கில எழுத்துகள்.

"என்ரை பேரை எப்ப இங்கிலீசுக்கு மாத்தினவை?" என்றார் ஓர் அண்ணை. "உந்தப் பேரை வாசிச்சால் இருமுற மாதிரிக் கிடக்கு."

முகாமையாளர் என்னைக் கண்டதும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இவர் படிக்காமல் பழகின ஆள். அதுதான் இந்தக் கோலம்."

உள்ளே போய்ப் பார்த்தேன். முகாமையாளரும் பின்னால் வந்தார். எங்கள் பெயர்கள் பழைய முறையில் தட்டச்சு செய்தவை. கணினிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள். குறிப்பிட்ட ஒரு தமிழ் எழுத்துருவைப் போர்த்தினால்தான் தமிழாகத் தெரியும். புதிய பட்டியல் எதுவும் அந்த எழுத்துருவிலேயே வரும்படி மென்பொருளில் நான் அமைத்து வைத்திருந்தேன். முந்தின நாள் ஆங்கில அறிக்கை ஒன்று தயாரித்த முகாமையாளர், எதையோ அழுத்தி அந்த அமைப்பையே மாற்றிவிட்டார்.

திருத்த இரண்டு நிமிடம் போதும். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

"மாத்தினது நீங்கள் சேர். வெளியிலை போய்ச் சொல்லுங்கோ. பிறகு திருத்திறன்."

"உமக்கு ஒப்பந்தம் வேணுமோ, வேண்டாமோ, ஐசே?"

"வேணும். அதுக்காக உங்கடை பிழையை நான் சுமக்கேலாது."

வெயில் ஏறியது. யன்னல் கம்பியைப் பிடித்தபடி ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஆறுதலாச் சண்டை பிடியுங்கோ தம்பி. கன்றுகள் அங்கை தலையைத் தொங்கப் போட்டிட்டுது. அதுகளுக்கும் உங்களிலை கோவம்."

முகம் சுட்டது. அந்தப் பட்டியலுக்கு மட்டும் எழுத்துருவைப் பழையபடி மாற்றி அச்செடுத்தேன். முகாமையாளர் தாளைப் பறித்துக்கொண்டு போய் ஒட்டி, "இவர் விட்ட பிழையைத் திருத்தியாச்சு" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே போய், "எழுத்தை மாத்தினது இவர்" என்று கத்தினேன்.

"இப்ப ஆர் அதைக் கேட்டது?" என்றார் அந்த அண்ணை, திரும்பியும் பாராமல். "என்ரை பேர் எத்தினையாவது?"

ஒப்பந்தத் தாள் அந்தக் கிழமையே கையெழுத்தில்லாமல் என் மேசைக்கு வந்தது. அந்த எழுத்துரு அமைப்பு மென்பொருளில் எங்கே இருக்கிறது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் எழுதி வைத்துவிட்டு வரவில்லை.