சித்தி பார்த்த பேய்

பழைய பேய்ப் படமொன்றுக்கு விமர்சனம் எழுதுவதற்காக இன்று அதைப் போட்டேன். படத்தில் கதவு கிறீச்சிட்டதும், இப்போது மனைகளாகிவிட்ட கரிக்கலாம்பாக்கத்து நடவு வயலின் சேற்று வாசனை வந்துவிட்டது. டென்ட் கொட்டாயில் பார்த்த இதே படத்தை மறுநாள் நாற்று நட்டுக்கொண்டே சொன்ன சித்தி, வாயாலேயே அந்தக் கதவைத் திறந்து, அரிவாள் அரிவாளாய்ப் பல் வைத்த பேயை வெளியே விட்டபோது, பத்துப் பெண்களின் கைகளும் சேற்றுக்குள் அப்படியே நின்றுவிட்டன. நாற்று முடி தூக்கிவந்த நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரையில் வந்ததோ வெறும் வெள்ளைப் புடவை. பல்லையே காணோம். சித்திக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"நா எங்கடி பாத்தேன்? கதவு சத்தம் கேட்டாலே முந்தானைய மூஞ்சில போத்திக்குவேன்," என்று சிரித்தாள்.

துப்பட்டாவை முகத்தில் போர்த்திக்கொண்டு படத்தை மறுபடி போட்டேன். கதவு திறந்தது. அரிவாள் பல்லோடு அது வந்தே விட்டது.